பரணிலுள்ள பழைய கணிப்பொறியும் கூடத்துத் தொலைக்காட்சியும்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்த குடும்பங்களின் வீட்டுப் பரண்மீது எப்பொழுதும் சில பெட்டிகள் இருப்பதுண்டு. மாற்றல் உத்தரவு வரும்பொழுதெல்லாம் அவை இறக்கப்பெற்று, கயிற்றால் கட்டப்பெற்று, அடுத்த ஊர்ப் பரணை அடைந்து மீண்டும் உறங்கத் தொடங்கும். சைனிக்புரியிலும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் அப்பெட்டிகளைத் திறந்து பார்த்தால், பித்தளைப் பாத்திரங்களுக்கும் பழைய கடிதக் கட்டுகளுக்கும் இடையே, 1980ஆம் ஆண்டுகளில் வாங்கிய வீட்டுக் கணிப்பொறி ஒன்றோ, 1990ஆம் ஆண்டுகளில் பிள்ளைகள் ஆடி மகிழ்ந்த தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டி ஒன்றோ அகப்படக் கூடும்.

போகிப் பண்டிகை நெருங்கினால் பழைய சாமான்களைக் கழித்து விடுவது நம் வழக்கம். அப்பொழுது இப்பொறிகளும் கீழே இறங்குகின்றன. வீட்டிலுள்ள புதிய தட்டைத் தொலைக்காட்சியில் எவ்வாறோ மாட்டிப் பார்க்கிறார்கள், படம் வருவதில்லை. "இது போய்விட்டது" என்று முடிவு கட்டிப் பழைய சாமான் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டு விடுகிறார்கள். ஆனால் நாம் கண்டும் கேட்டும் அறிந்த வரையில், அவ்வாறு கழிக்கப்படுபவற்றுள் பல உயிரோடிருக்கும் பொறிகளே. பழுது பொறியில் இல்லை. பொறிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையேயுள்ள இணைப்பில் இருக்கிறது. அவ்விணைப்பின் இயல்பை நம் குடும்பங்கள் அறிந்து கொண்டால் ஒரு நல்ல பொருள் வீணாகாது. அதனினும் முக்கியமாக, தெரியாமல் கைவைத்து ஆபத்தைத் தேடிக் கொள்ளவும் நேராது. இவ்வெண்ணத்தாலேயே இக்கட்டுரையை எழுதலானோம்.

நம் அண்டை அயல் வரலாறு

சைனிக்புரியில் வாழ்வோர்க்கு இப்பொருள் அந்நியமானதன்று. நமக்கு மிக அருகிலுள்ள இ.சி.ஐ.எல். என்னும் மத்திய அரசின் மின்னணுக் கழகம் 1967ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் அணுசக்தித் துறையின் கீழ்த் தொடங்கப்பெற்றது. அதனைத் தோற்றுவித்து வளர்த்த டாக்டர் ஏ. எஸ். ராவ் அவர்களின் பெயரையே நமக்கு அடுத்துள்ள நகர் தாங்கி நிற்கிறது. 1969இல் டி.டி.சி. 12 என்னும் கணிப்பொறியை இக்கழகம் செய்தளித்தது. டி.டி.சி. 312, டி.டி.சி. 316 என்பன பின்னர்த் தொடர்ந்து வந்தன.

அதே கழகம் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் செய்தது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ். 6 என்னும் செயற்கைக்கோளின் துணையால், ஆந்திரம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடைபெற்றது. அக்கிராமங்களில் வைக்கப்பெற்ற பெட்டிகள் இ.சி.ஐ.எல். செய்தவையே. 1977இல் ஹைதராபாத்தில் தூரதர்ஷன் நிலையம் தோன்றிய பின்னர், இ.சி. டி.வி. என்னும் பெயர் வீடுதோறும் வழங்கலாயிற்று. அப்பெட்டிகளின் விற்பனை நின்று நெடுங்காலமாயிற்று. எனினும் அவற்றைக் கோத்தும் சோதித்தும் பழகிய கைகளுக்குரிய பெரியவர்கள் இன்றும் நம் தெருக்களில் காலை உலாச் சென்று கொண்டிருக்கிறார்கள். இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் இறுதியில் இது பயன்படும்.

கணிப்பொறி தொலைக்காட்சியை நாடிய காரணம்

வீட்டுக் கணிப்பொறி தோன்றிய காலத்தில், அதற்கெனத் தனித்திரை வாங்குவது பொறியையே இரண்டாம் முறை வாங்குவது போன்ற செலவாக இருந்தது. வீட்டில் ஏற்கனவே உள்ள தொலைக்காட்சியையே திரையாகக் கொள்ளலாமே என்று கருதினார்கள் அதனைச் செய்தவர்கள். 1981இன் இறுதியில் இங்கிலாந்தில் வெளிவந்த பி.பி.சி. மைக்ரோ, 1982இல் வந்த சிங்ளேர் ஸ்பெக்ட்ரம், அதே ஆண்டில் அமெரிக்காவில் வந்த கமடோர் 64 ஆகிய யாவும் தொலைக்காட்சியோடு இணையுமாறு அமைந்தவையே.

நம் நாட்டில் 1984-85இல் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்விக்கான 'கிளாஸ்' என்னும் திட்டம் தொடங்கியபோது, முதலில் 250 பள்ளிகளுக்குப் பி.பி.சி. மைக்ரோ பொறிகள் வழங்கப்பெற்றன. மொகாலியிலுள்ள செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் அப்பொறியையே 'யூனிகார்ன்' என்னும் பெயரால் இங்குச் செய்தது. அடுத்து, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட விளையாட்டுப் பொறியைப் பின்பற்றிச் செய்த மலிவுப் பெட்டிகள் 1990ஆம் ஆண்டுகளில் நம் ஊர்க் கடைகளில் குவிந்தன. மஞ்சள் நிறக் கேசட்டைச் செருகி, சரியாக அமரவில்லையென்றால் வாயால் ஊதி மீண்டும் செருகி விளையாடியவர்கள் இன்று பெற்றோராகி விட்டார்கள்.

படம் செல்லும் நான்கு வழிகள்

பொறியிலிருந்து திரைக்குப் படம் செல்ல நான்கு வழிகள் உண்டு. எந்த வழி நம் பொறியில் இருக்கிறது, எந்த வழி நம் தொலைக்காட்சியில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் வேலை எளிது. வேறாக இருந்தால் நடுவில் ஒரு மாற்றுப் பெட்டி வேண்டும்.

முதல் வழி ஏரியல் வழி. பொறிக்குள் இருக்கும் 'மாடுலேட்டர்' என்னும் சிறு தகரப் பெட்டி, ஓர் ஒளிபரப்பு நிலையத்தைப் போலவே படத்தை ஒரு சானலில் ஏற்றி அனுப்பும். கம்பியைத் தொலைக்காட்சியின் ஏரியல் துளையில் செருகி, அச்சானலைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஸ்பெக்ட்ரம் பொறி யு.எச்.எஃப். வரிசையில் 36ஆம் சானலில் பேசும். நம் நாட்டுப் பழைய பெட்டிகளுள் பல வி.எச்.எஃப். வரிசையை மட்டுமே கேட்கும். எத்தனை முறை திருகினாலும் அத்தகைய பெட்டியில் ஸ்பெக்ட்ரம் தோன்றாது. இஃது இருவர் குற்றமும் அன்று; ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழவில்லை, அவ்வளவே.

இரண்டாம் வழி ஏ.வி. வழி. மஞ்சள் நிறச் செருகி வழியாகப் படம் முழுவதும் ஒரே கம்பியில் செல்லும். வெள்ளை, சிவப்புச் செருகிகளில் ஒலி செல்லும். சானலில் ஏற்றி இறக்கும் வேலை இல்லாமையால் படம் ஏரியல் வழியினும் தெளிவாயிருக்கும்.

மூன்றாம் வழியில் படத்தின் வெளிச்சமும் நிறமும் தனித்தனிக் கம்பியில் செல்லும். இவ்விரண்டும் கலந்து ஒன்றையொன்று கெடுக்காமையால் எழுத்துகளின் ஓரம் தெளிவுறும். கமடோர் 64 பொறியின் பின்புறமுள்ள வட்டத் துளையிலிருந்து இதனைப் பெறலாம்.

நான்காம் வழியில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் தனித்தனியே செல்லும். தெளிவில் இதுவே தலைசிறந்தது. பி.பி.சி. மைக்ரோவில் இவ்வழி உண்டு. அப்பொறியிலுள்ள சாதாரண வீடியோ துளையில் மாட்டியவர்கள், படம் கறுப்பு வெள்ளையாகவே வருகிறதென்று கவலையுறுவார்கள். அத்துளையில் நிறமின்றி வருவது அப்பொறியின் தொழிற்சாலை அமைப்பேயன்றிப் பழுதன்று.

அகலப் பாதையும் மீட்டர் பாதையும்

செகந்திராபாத்திலிருந்து மன்மாடு செல்லும் பாதை முன்னர் மீட்டர் பாதையாக இருந்ததை நம்மவருள் மூத்தோர் அறிவர். அகலப் பாதை வண்டி எவ்வளவு நல்ல வண்டியாயினும் மீட்டர் பாதையில் ஓடாது. தொலைக்காட்சியிலும் இத்தகைய பாதை வேறுபாடு உண்டு. இந்தியாவும் இங்கிலாந்தும் கையாண்ட முறைக்குப் 'பால்' என்று பெயர். அதில் படத்திற்கு 625 கோடுகள், வினாடிக்கு 50 முறை திரை வரையப்படும். அமெரிக்காவும் ஜப்பானும் கையாண்டது என்.டி.எஸ்.சி. முறை, அதில் 525 கோடுகள், வினாடிக்கு ஏறத்தாழ 60 முறை.

அமெரிக்காவிலுள்ள மைத்துனர் அனுப்பிய விளையாட்டுப் பொறியை நம் பழைய பெட்டியில் மாட்டினால், படம் மேலும் கீழுமாக உருளும். அல்லது நிறமின்றி நிற்கும். காரணம் இதுவே. புதிய தட்டைத் தொலைக்காட்சிகள் பெரும்பாலும் இரு முறைகளையும் ஏற்பவை. ஆனால் மற்றொரு பாதை வேறுபாடு இன்னும் கொடியது. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட், நம் வீட்டில் 230 வோல்ட். அவ்வூர் மின்பெட்டியை நம் சுவரில் செருகினால் அது கருகும்; பொறியும் உடன் மாளக் கூடும்.

தட்டைத் திரை ஏன் தடுமாறுகிறது?

பழைய குழாய்த் தொலைக்காட்சியில் ஓர் எலக்ட்ரான் கதிர் திரையை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரைந்து செல்லும். ஒளிபரப்பில் ஒரு முறை ஒற்றைக் கோடுகளும் அடுத்த முறை இரட்டைக் கோடுகளும் வரையப்பட்டு, இரண்டும் சேர்ந்தே முழுப்படம் ஆகும். பழைய கணிப்பொறியோ ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 312 கோடுகளை ஒரே இடத்தில்தான் வரையும். குழாய்த் தொலைக்காட்சி இதனை மறுப்பின்றி ஏற்றுக் கொள்ளும். தட்டைத் திரையோ இதனை ஒளிபரப்பென்றே கருதி, இரண்டு இரண்டாகச் சேர்த்துத் தைக்க முயலும். அதனால் ஓரங்கள் மழுங்குகின்றன. ஓடும் உருவங்கள் சீப்பின் பற்கள் போல் பிரிகின்றன. சில தொலைக்காட்சிகள் "சிக்னல் இல்லை" என்று நீலத் திரையைக் காட்டி ஓய்ந்து விடுகின்றன. பொறி செத்து விட்டதென்று நாம் கருதுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

தாமதம் மற்றொரு குறை. தட்டைத் திரை படத்தைத் திருத்தி அமைத்த பின்னரே காட்டுகிறது. விரல் பொத்தானை அழுத்திய பின் உருவம் குதிப்பதற்குள் பள்ளம் வந்து விடுகிறது. தொலைக்காட்சியின் அமைப்புகளில் 'கேம் மோட்' என்று ஒன்றிருந்தால் அதனைத் தேர்ந்தால் இத்தாமதம் குறையும். வாத்தைச் சுடும் துப்பாக்கி விளையாட்டு மட்டும் தட்டைத் திரையில் நடவாது. விசையை இழுத்த கணத்தில் திரை இருண்டு, குறி இருக்கும் இடம் வெண்கட்டமாக ஒளிரும். துப்பாக்கியின் கண் அவ்வொளியைக் காண வேண்டும். குழாயின் கதிரொளியையும் அதன் காலத்தையும் நம்பிச் செய்த கருவிக்குத் தட்டைத் திரையின் தாமத ஒளி பயன்படாது. வீட்டுப் பிள்ளை ஆயிரம் முறை சுட்டும் வாத்து விழவில்லையென்றால், பிள்ளையைக் குறை கூறற்க.

இணைக்கும் முறை

முதலில் தொலைக்காட்சியின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இருந்தால் நன்று. பல புதிய தொலைக்காட்சிகளில் அவற்றிற்குப் பதிலாக ஏ.வி. என்று எழுதிய ஒரே சிறு வட்டத் துளை இருக்கும். அதற்கேற்ற கம்பியை வாங்க வேண்டும். அக்கம்பிகளில் உட்புற அமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், கடையில் வாங்கிய கம்பியில் படம் மஞ்சள் செருகியில் வராமல் சிவப்புச் செருகியில் வருவதும் உண்டு. ஆகவே படம் வரவில்லையென்றால் செருகிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது நலம்.

தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. துளை மட்டுமே இருந்தால், ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றும் சிறு பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கும்போது திசையைப் படித்து வாங்க வேண்டும், எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி. ஆக்கும் பெட்டியும் அதே உருவில், அதே அலமாரியில் இருக்கும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. நம் நகரில் கோட்டியிலுள்ள குஜராத்தி கல்லியிலும், செகந்திராபாத்தில் செனாய் டிரேட் சென்டரிலும் இத்தகைய பொருள்களை விசாரிக்கலாம்.

மலிவுப் பெட்டியில் படம் தோன்றும். ஆனால் மேற்கூறிய மழுங்கலும் தாமதமும் நீங்கா. ஆர்வமிக்கோர் ஓ.எஸ்.எஸ்.சி. போன்ற, பழைய பொறிகளின் கோடுகளை உள்ளவாறே இரட்டித்துத் தரும் கருவிகளைத் தேடலாம். பி.பி.சி. மைக்ரோவின் மூவண்ண வழிக்கெனவே தோன்றிய 'ஆர்.ஜி.பி. டூ எச்.டி.எம்.ஐ.' என்னும் சிறு பலகையும் உண்டு. அது ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறியைக் கொண்டு இயங்குவது. இவை இல்லாமலும் இன்பம் குன்றாது. பழைய குழாய்த் தொலைக்காட்சி ஒன்று நல்ல நிலையில் இருந்தால் அதுவே இப்பொறிகளுக்கு உற்ற துணை.

படம் வந்தபின் திரையின் அகல உயரத்தை 4:3 என்னும் அளவில் அமைக்க வேண்டும். இல்லையேல் உருவங்கள் யாவும் பக்கவாட்டில் இழுபட்டு, மெலிந்தவரும் பருத்துத் தோன்றுவர்.

எச்சரிக்கை

இனிக் கூறுவதைப் பெற்றோர் அனைவரும் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறோம்.

ஆண்டுக்கணக்கில் உறங்கிய பொறியை எடுத்தவுடன் சுவரில் செருகலாகாது. மின்பெட்டியை மட்டும் தனியே செருகி, வெளிவரும் வோல்ட்டை மீட்டரால் அளந்த பின்னரே பொறியோடு சேர்க்க வேண்டும். கமடோர் 64இன் மின்பெட்டி முதுமையடைந்தால் 5 வோல்ட் தரவேண்டிய இடத்தில் அதற்கு மேல் தந்து, பொறியின் நினைவுச் சில்லுகளைக் கொன்று விடும். பி.பி.சி. மைக்ரோவினுள் இருக்கும் மின்பகுதியில் உள்ள சில வடிகட்டிக் கண்டென்சர்கள் காலத்தால் விரிசல் கண்டு புகைந்து வெடிப்பதுண்டு. ஸ்பெக்ட்ரம் பொறியின் மின்செருகியில் நடுமுனை எதிர் மின்னாகும். வேறு பொருளின் 9 வோல்ட் பெட்டியைக் கொண்டு வந்து மாட்டினால் நேர் எதிராகிப் பொறி கெடும்.

இவை பொருள் நட்டம். தொலைக்காட்சியைத் திறப்பதோ உயிர் நட்டம். குழாய்த் தொலைக்காட்சியினுள் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும். சுவிட்சை அணைத்து, செருகியைப் பிடுங்கிய பின்னரும் குழாயில் அது தங்கியிருக்கக் கூடும். மேலும் பழைய பெட்டிகள் பலவற்றில் உள்ளிருக்கும் உலோகச் சட்டமே வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்புடையது. அத்தகைய பெட்டியில் ஏ.வி. துளை இல்லையென்று, யாரோ கூறியபடி உள்ளே கம்பியைப் பற்றவைத்து வெளியே கொணர்ந்தால், கணிப்பொறியின் விசைப்பலகையைத் தொடும் பிள்ளையின் விரலுக்கு அம்மின்சாரம் வந்து சேரும். ஏ.வி. துளை இல்லாத பழைய பெட்டிக்கு ஏரியல் வழியே உரிய வழி. அதனை மாற்ற விரும்பினால், மின்பிரிப்பு டிரான்ஸ்பார்மரின் பயனை அறிந்த தொழிலாளியிடமே செல்ல வேண்டும்.

படம் தெளிவாக வரவேண்டுமென்னும் ஆசைக்கு ஓர் உயிரை விலையாகக் கொடுத்தல் தகாது.

சங்கம் செய்யக் கூடியது

ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் இப்பொருள் பற்றி நாம் பேசிக் கொண்டிருந்தோம். தொலைக்காட்சிப் பெட்டிகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் பழகியவர் அவர். "தம்பி, கடைக்குத் தூக்கிப் போவதற்கு முன்பு கம்பியை மாற்றிப் பாருங்கள். என்னிடம் வந்தவற்றில் பாதி அதிலேயே தீர்ந்து விடும்" என்றார். "ஐயா, இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டோம். "கேட்பதற்குப் பிள்ளைகள் வந்தால் சொல்ல நான் இருக்கிறேன்" என்று விடையிறுத்தார்.

அவர் கூற்றில் ஒரு செய்தி அடங்கியுள்ளது. பொறிகள் இன்னும் பல ஆண்டு பரணில் கிடக்கும். அவற்றின் குணம் அறிந்த மனிதர்கள் அவ்வாறு நெடுங்காலம் காத்திருக்க இயலாது. வேலையின் பொருட்டு இந்நகருக்கு வந்து, மீட்டரும் பற்றுக்கோலும் பிடித்து, பிள்ளைகளை ஆளாக்கிய தலைமுறையின் அறிவு அது. நம் பிள்ளைகள் கணிப்பொறித் துறையில் உத்தியோகம் பார்க்கிறார்கள். தம் தந்தையும் தாத்தாவும் அத்துறையின் தொடக்க நாட்களில் இதே ஊரில் என்ன செய்தார்கள் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

ஆகவே நமது வேண்டுகோள் இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அவரவர் வீட்டிலுள்ள பழைய பொறிகளைச் சங்கக் கூடத்திற்குக் கொண்டு வரலாம். அனுபவமுள்ள பெரியவர்கள் மின்பெட்டிகளை அளந்து பார்க்கட்டும். இளைஞர்கள் கம்பிகளையும் மாற்றுப் பெட்டிகளையும் கொணரட்டும். சிறுவர்கள் கேசட்டுகளைச் செருகி ஆடிப் பார்க்கட்டும். உயிருள்ளவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். உயிரற்றவற்றைத் தெருவில் எறியாமல், மின்னணுக் கழிவுகளை முறைப்படி பெறுவோரிடம் சேர்க்கலாம். குழாய்த் தொலைக்காட்சியின் கண்ணாடியில் ஈயம் உண்டு. அதனைக் குப்பைமேட்டில் உடைப்பது மண்ணுக்கும் நீருக்கும் தீங்கு.

வரும் போகிக்கு முன்னர் பரணை ஒருமுறை ஏறிப் பாருங்கள். பெட்டியை எடைக்குப் போடுவதற்கு முன் கம்பியைச் சோதித்துப் பாருங்கள். கம்பியைச் சோதிப்பதற்கு முன் மின்பெட்டியை அளந்து பாருங்கள். மீட்டர் இல்லாதோர் சங்கத்திற்குச் சொல்லியனுப்பினால், அதனைக் கையாள அறிந்தவரோடு நாமே உடன் வருவோம்.